உறைபனியில் உறங்கும் எஞ்சின்

கனடா நாட்டின் வின்னிபெக் நகரில் குளிர்காலத்தில் எடுத்த புகைப்படங்களில் ஒரு விசித்திரமான காட்சியைக் காணலாம். வீட்டு வாசலில் பனிக்குல்லாய் போட்டதுபோல ஒரு பழைய மோட்டார் கார் நிற்கும். அதன் முன்பக்கக் கிரில்லின் இடுக்கிலிருந்து ஒரு மின்கம்பி வெளியே தொங்கும். அதன் நுனியில், நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு இருப்பதைப் போல, மூன்று முள் பிளக் ஒன்றும் இருக்கும். வீட்டுச் சுவரிலுள்ள மின்னிணைப்பில் அது செருகப்பட்டிருக்கும்.

அப்படியானால் அது மின்சாரத்தால் ஓடும் காரா? இல்லை. 1950ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட சாதாரணப் பெட்ரோல் கார்தான். பெட்ரோல் காருக்கு எதற்கு மின்சாரம்? இரவு முழுவதும் கடுங்குளிரில் நின்ற எஞ்சினைக் காலையில் எழுப்புவதற்கு. அந்தக் கம்பியின் மறுமுனை எஞ்சினின் வயிற்றுக்குள் சென்று, அங்கே ஒரு சிறு சூடேற்றியில் முடிகிறது. இதற்குப் 'பிளாக் ஹீட்டர்' என்று பெயர். பார்ப்பதற்கு எளிய கருவி. ஆனால் நீங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கும் தன்வெப்பம், வெப்பச்சலனம், பாகுநிலை, ஓம் விதி ஆகிய அத்தனையும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

எவ்வளவு குளிர்?

வின்னிபெக் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ -16° செ. அலாஸ்காவிலுள்ள ஃபேர்பேங்க்ஸ் நகரில் இது இன்னும் தாழ்ந்து -22° செ. அளவில் இருக்கும். இவை சராசரிகள்தாம். இரவு நேரங்களில் -30°, -40° என்று இறங்குவதும் உண்டு. கனடாவின் யூக்கான் பகுதியில் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3ஆம் நாள் -63° செ. பதிவாயிற்று.

-40° என்பது ஒரு வேடிக்கையான எண். செல்சியஸ் அளவிலும் பாரன்ஹீட் அளவிலும் ஒரே எண்ணாக வரும் வெப்பநிலை இது ஒன்றுதான். ஆனால் அந்தக் குளிரில் இருப்பவர்களுக்கு வேடிக்கை எதுவும் இல்லை. வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஊருக்கு வெளியே தனித்த பண்ணை வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டு, வாசலில் நிற்கும் கார் கிளம்பவில்லையென்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே எஞ்சின் கிளம்புவது வசதி சார்ந்த காரியம் மட்டுமன்று, சில வேளைகளில் உயிர் சார்ந்த காரியமும்கூட.

எஞ்சின் ஏன் எழ மறுக்கிறது?

முதல் காரணம் உயவு எண்ணெய். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து போவதை நீங்கள் அறிவீர்கள். எஞ்சின் எண்ணெய் அவ்வளவு எளிதில் உறைவதில்லை. ஆனால் குளிரக் குளிரக் கெட்டியாகிறது. ஒரு நீர்மம் ஓட மறுக்கும் அளவைப் 'பாகுநிலை' என்கிறோம். வெப்பநிலை மாறும்போது பாகுநிலை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கு நமக்கு நன்கு பழக்கமான விளக்கெண்ணெயையே எடுத்துக்கொள்வோம். சென்டிபாய்ஸ் என்ற அலகில் அதன் பாகுநிலை இதோ:

40° செ. — 231
30° செ. — 451
20° செ. — 986
10° செ. — 2420

பத்து டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் பாகுநிலை ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடுகிறது. (20° செ.இல் தண்ணீரின் பாகுநிலை வெறும் 1 சென்டிபாய்ஸ்.) முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றின் எஞ்சின்களுக்கு இந்த விளக்கெண்ணெய்தான் உயவு எண்ணெயாகப் பயன்பட்டது என்பது கூடுதல் செய்தி.

பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எஞ்சின் எண்ணெயும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே. எண்ணெய் டப்பாவில் '10டபிள்யூ-30' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அந்தத் தரம் பெற வேண்டுமானால் -25° செ.இல் எண்ணெயின் பாகுநிலை 7000 சென்டிபாய்சைத் தாண்டக் கூடாது. அதாவது, குளிர்காலத்துக்கென்றே தயாரித்த எண்ணெய்கூட அந்த நிலையில் 10° செ. விளக்கெண்ணெயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டியாக இருக்கலாம். பழைய கார்கள் பலவற்றில் ஊற்றப்பட்ட ஒற்றைத் தர எண்ணெய்கள் அதைவிடக் கெட்டி. அத்தகைய பாகுக்குள் பிஸ்டன்களையும் கிராங்க் அச்சையும் சுழற்ற வேண்டும்!

இரண்டாவது காரணம் பாட்டரி. கார் பாட்டரிக்குள் நடப்பது ஒரு வேதிவினை. குளிர் எல்லா வேதிவினைகளையும் மெதுவாக்குவது போல இதையும் மெதுவாக்குகிறது. -18° செ.இல் பாட்டரி தரக்கூடிய திறன், சாதாரண வெப்பநிலையில் தரும் திறனில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். எண்ணெய் கெட்டியானதால் எஞ்சினைச் சுழற்ற அதிக விசை தேவைப்படுகிறது. அதைத் தரவேண்டிய பாட்டரியோ அதே வேளையில் சோர்ந்து கிடக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் அடி விழுகிறது.

மூன்றாவது காரணம் பெட்ரோல். நீர்ம நிலையிலுள்ள பெட்ரோல் சிலிண்டரில் எரிவதில்லை. அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. ஒரு பங்கு எடை பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு எடை காற்று என்பது சரியான கலவை. பெட்ரோல் ஒரே பொருளன்று. எளிதில் ஆவியாகும் பொருள்களும் அரிதில் ஆவியாகும் பொருள்களும் கலந்த கூட்டு. கடுங்குளிரில் எளிதில் ஆவியாகும் சிறு பகுதி மட்டுமே ஆவியாகிறது. ஆகவே கார்புரேட்டரில் 'சோக்' என்னும் தகட்டை மூடி, காற்றைக் குறைத்து, மிகுதியான பெட்ரோலை உள்ளே இழுக்கச் செய்கிறார்கள். ஆவியாகாமல் எஞ்சும் பெட்ரோல் என்ன ஆகிறது? சிலிண்டர்ச் சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எண்ணெய்த் தொட்டியில் கலக்கிறது.

டீசல் எஞ்சினின் சங்கடம் வேறு. அங்கே தீப்பொறி கிடையாது. காற்றை வேகமாக அழுத்துவதால் எழும் வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். சில்லிட்ட சிலிண்டர்ச் சுவர் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. நம் ஊரிலும் பழைய டீசல் ஜீப், வேன் ஓட்டுநர்கள் சாவியை முதலில் 'ஹீட்டர்' நிலையில் சற்று நேரம் வைத்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது எரியும் அறையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கம்பியைச் சில விநாடிகள் சூடாக்குவது. நாம் பேசும் பிளாக் ஹீட்டரோ எஞ்சின் முழுவதையும் மணிக்கணக்கில் சூடாக்குவது. இரண்டும் வேறு வேறு.

பழைய உபாயங்கள்

பிளாக் ஹீட்டர் வருவதற்கு முன்பு மக்கள் என்ன செய்தார்கள்? 1908 முதல் 1927 வரை கோடிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஃபோர்டு 'மாடல் டி' காரை எடுத்துக்கொள்வோம். முன்புறமுள்ள கைப்பிடியைச் சுழற்றியே அதைப் பெரும்பாலும் கிளப்புவார்கள். (மின்சார ஸ்டார்ட்டர் முதலில் வந்தது 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில், அதை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங்.) மாடல் டி காரில் எஞ்சினுக்கும் கியர் அமைப்புக்கும் ஒரே எண்ணெய். குளிரில் அந்த எண்ணெய் கெட்டியானால், கிளச்சுத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைச் சுழற்றியதும் எஞ்சின் கிளம்பும். கூடவே காரும் நகர்ந்து, சுழற்றியவர் மீதே வரப் பார்க்கும்! இதற்காகப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுக் காரைக் கிளப்புவது வழக்கமாயிற்று.

வேறு பல உபாயங்களும் இருந்தன. இரவில் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றினார்கள். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார்கள். எண்ணெய்த் தொட்டியின் கீழே கனல் சட்டியை வைத்துச் சூடுகாட்டியவர்களும் உண்டு. அலாஸ்காவின் சிறு விமானங்களை ஓட்டியவர்கள் இறங்கியதும் எஞ்சின் எண்ணெயைச் சூடாகவே வடித்துக்கொண்டு போய் அடுப்பருகே வைத்துக்கொள்வார்கள். மறுநாள் எஞ்சினைக் கித்தானால் மூடி, உள்ளே அடுப்பு மூட்டி, பிறகு சூடான எண்ணெயை ஊற்றிக் கிளம்புவார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களை நிறுத்தும் முன் எண்ணெயில் சிறிது பெட்ரோலைக் கலந்து இளக்கி வைக்கும் முறையும் கையாளப்பட்டது. எஞ்சின் மறுநாள் சூடேறியதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும்.

இந்த உபாயங்களில் ஆபத்தும் இருந்தது. பெட்ரோல் நிற்கும் இடத்தருகே திறந்த நெருப்பு வைப்பது எவ்வளவு பெரிய அபாயம் என்று சொல்ல வேண்டியதில்லை. சில்லிட்ட வார்ப்பிரும்பில் கொதிநீரை ஊற்றினாலோ, ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் வெடிப்பு விழக்கூடும்.

இஸ்திரிப் பெட்டியில் பிறந்த கருவி

அமெரிக்காவில் கனடா எல்லையை ஒட்டியுள்ள வடக்கு டகோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று ஓர் ஊர். அங்கே கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் கூட்டுறவு அமைப்பில் பணியாற்றியவர் ஆண்ட்ரூ ஃப்ரீமன். பழைய செப்புக் குழாயையும் பழைய இஸ்திரிப் பெட்டியின் சூடேற்றும் கம்பியையும் கொண்டு அவர் ஒரு கருவியைச் செய்தார். எஞ்சினின் தலைப்பகுதியைப் பிளாக்குடன் இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே அளவில் உள்ளீடற்ற ஒரு போல்ட்டை மாட்டி, அதற்குள் சூடேற்றும் கம்பியை வைத்தார். போல்ட்டின் சூடு பிளாக்கிற்கும் அதனுள் இருக்கும் நீருக்கும் பரவியது. இந்தக் கருவிக்கு 1949 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எஞ்சினைச் சூடாக்க மின்சாரத்தைப் பயன்படுத்தும் எண்ணம் அதற்கு முன்பே சிலருக்குத் தோன்றியிருந்தது. ஆனால் மலிவாகவும் எளிதில் மாட்டக்கூடியதாகவும் அமைந்ததால் ஃப்ரீமனின் கருவி அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் பரவலாயிற்று. கிராமங்களுக்கு மின்சாரம் வந்துசேர்ந்த காலமும் அதற்கு உதவியது. சுவரில் மின்னிணைப்பு இல்லாத வீட்டில் இந்தக் கருவியால் என்ன பயன்?

எத்தனை வகை?

பின்னர் அதிகமாகப் பயன்பாட்டுக்கு வந்தது கோர் பிளக் வகை. இதைப் புரிந்துகொள்ள எஞ்சின் பிளாக் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிளாக் என்பது ஒரே துண்டாக வார்க்கப்படும் இரும்பு. சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓட உள்ளே வழிகள் வேண்டும். அதற்காக அச்சுக்குள் மணலால் செய்த கருக்களை வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு இறுகிய பிறகு உள்ளிருக்கும் மணலை வெளியே எடுக்கப் பக்கங்களில் வட்டமான துளைகள் வேண்டும். பிற்பாடு அந்தத் துளைகளைச் சிறு உலோகக் கிண்ணங்களால் அடைத்துவிடுவார்கள். இவையே கோர் பிளக்குகள்.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். அந்த விசை பிளாக்கைப் பிளக்கும் வலிமை உடையது. சில சமயம் பிளாக் பிளவாமல் இந்த மூடிகள் மட்டும் தெறித்து விழுவதுண்டு. அதனால் அவை எஞ்சினைப் பனியிலிருந்து காக்கவே வைக்கப்பட்டவை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று, மணல் வெளியேறிய வாசலை அடைப்பதே அவற்றின் வேலை. எஞ்சினைக் காப்பது குளிர்விப்பு நீரில் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்புப் பொருள்தான். சரிபாதி கலந்தால் கலவை ஏறத்தாழ -37° செ. வரை உறையாது.

அந்த மூடிகளில் ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் சூடேற்றியைப் பொருத்துவதே கோர் பிளக் வகை. அதன் வளைந்த கம்பி நேராக நீருக்குள் மூழ்கியிருக்கும். சூடான நீர் இலேசாகி மேலேறும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். பம்ப்பு இயங்காமலேயே, வெப்பச்சலனத்தால் நீர் பிளாக் முழுவதும் சுற்றி வரும். எனவே சூடேற்றியைக் கூடியவரை தாழ்வான இடத்தில் வைக்க வேண்டும். பானையை அடுப்பின் மேல்தானே வைக்கிறோம்!

ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் இணைக்கும் வகை, வெளியே தனித் தொட்டியில் நீரைச் சூடாக்கிச் சுழல விடும் வகை, எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒட்டும் தட்டு வகை என்று வேறு சிலவும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்குத் தனிப் பயன் இருக்கிறது. வெப்பம் மேல்நோக்கி நகர்வதால், நீரைச் சூடாக்கும் கருவிகள் பிளாக்கிற்குக் கீழே கிடக்கும் எண்ணெயை அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. மிகக் கடுங்குளிர்ப் பிரதேசங்களில் நீருக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, பாட்டரிக்கு ஒரு சூட்டுப் போர்வை என்று மூன்றையும் வைப்பது வழக்கம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பழைய கார் ஒன்றின் எஞ்சினில் 150 கிலோகிராம் வார்ப்பிரும்பும் 12 கிலோகிராம் குளிர்விப்புக் கலவையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 0.46 கிலோஜூல். கலவைக்கு ஏறத்தாழ 3.3 கிலோஜூல். எஞ்சினை -30° செ.இலிருந்து 10° செ. வரை, அதாவது 40 டிகிரி உயர்த்த வேண்டும்.

இரும்புக்கு: 150 × 0.46 × 40 = 2760 கிலோஜூல்
கலவைக்கு: 12 × 3.3 × 40 = 1584 கிலோஜூல்
மொத்தம்: 4344 கிலோஜூல்

இரும்பின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத கலவை, வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வதைக் கவனியுங்கள். நீரின் தன்வெப்பம் அவ்வளவு பெரியது.

இத்தகைய சூடேற்றிகள் பொதுவாக 400 முதல் 1000 வாட் வரை இருக்கும். 600 வாட் என்று கொண்டால், விநாடிக்கு 0.6 கிலோஜூல். 4344ஐ 0.6ஆல் வகுத்தால் 7240 விநாடி, அதாவது ஏறக்குறைய 2 மணி நேரம். செலவாகும் மின்சாரம் 1.2 யூனிட்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டோம். எஞ்சின் சூடேறும்போதே சுற்றியுள்ள குளிர்காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டும் இருக்கிறது. அடியில் ஓட்டையுள்ள குடத்தில் நீர் நிரப்புவது போன்றது இது. நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, எஞ்சினுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு கூடக் கூட இழப்பும் கூடும். ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 12 வாட் இழப்பு என்று ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 50 டிகிரி ஆனதும் இழப்பு 600 வாட். சூடேற்றி தருவதும் 600 வாட். வரவும் செலவும் சமமாகிவிட்டதால் அதற்கு மேல் வெப்பநிலை ஏறவே ஏறாது. இந்த எஞ்சின் -30° செ.இலிருந்து எப்படிச் சூடேறும் என்று கணக்கிட்டால் கிடைப்பது இது:

2½ மணி நேரம் — 2° செ. — 1.5 யூனிட்
5 மணி நேரம் — 13° செ. — 3 யூனிட்
7½ மணி நேரம் — 17° செ. — 4.5 யூனிட்
10 மணி நேரம் — 19° செ. — 6 யூனிட்

முதல் 1.5 யூனிட் எஞ்சினை 32 டிகிரி உயர்த்தியது. கடைசி 1.5 யூனிட்டுக்குக் கிடைத்ததோ வெறும் 2 டிகிரி! மாலையில் செருகி, இரவு முழுவதும் எரியவிடுவது எவ்வளவு வீண் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? அதனால்தான் புறப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு முன்பு தானாகவே இயங்கும்படி நேரக் கட்டுப்பாட்டுச் சுவிட்சுடன் இணைக்கச் சொல்கிறார்கள். பின்லாந்து நாட்டில் கார் நிறுத்தும் இடங்களிலுள்ள மின்கம்பங்களிலேயே இத்தகைய நேரச் சுவிட்சுகள் பொருத்தப்பட்டிருக்கும்.

பழைய கார்களுக்கு ஏன் கூடுதல் நன்மை?

இன்றைய கார்களில் மெல்லிய எண்ணெய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு அமைப்பு, வலுவான 12 வோல்ட் பாட்டரி எல்லாம் இருக்கின்றன. பழைய கார்களில் இவை இல்லை. 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் இருந்தது 6 வோல்ட் பாட்டரி. இதன் விளைவை ஓம் விதியால் அறியலாம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு (நம் மெக்கானிக்குகள் 'செல்ப்' என்பது) 1200 வாட் தேவை என்போம். 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 200 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பிகளின் தடை 0.005 ஓம் என்றால், முதலாவதில் 0.5 வோல்ட் வீணாகும். இரண்டாவதில் 1 வோல்ட். 12இல் அரை வோல்ட் போவது பெரிதன்று. 6இல் ஒரு வோல்ட் போவது ஆறில் ஒரு பங்கு! துருப்பிடித்த பழைய இணைப்புகளில் தடை இன்னும் கூடும். இப்படிப்பட்ட காருக்கு, எண்ணெயை இளக்கிச் சுழற்றும் சுமையைக் குறைப்பது பேருதவி.

இன்னொரு நன்மை எஞ்சினின் ஆயுளைப் பற்றியது. பெட்ரோலில் ஹைட்ரஜன் உண்டு. எரிந்தால் அது நீராகும். ஆக்டேன் எரியும் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். 114 கிராம் ஆக்டேன் 162 கிராம் நீரைத் தருகிறது. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்! சூடான எஞ்சினில் அது ஆவியாகப் புகையுடன் வெளியேறிவிடும். சில்லிட்ட எஞ்சினில் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரில் வியர்த்து, எரிதலில் தோன்றும் அமிலப் பொருள்களுடன் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். பெட்ரோல் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்ட சுவர், கெட்டியாகி மெல்ல ஏறிவரும் எண்ணெய், அரிக்கும் ஈரம் — இந்த மூன்றும் சேர்ந்தால் தேய்மானம் விரைகிறது. உதிரிப் பாகங்கள் கிடைக்காத அறுபது, எழுபது ஆண்டுப் பழைய எஞ்சினுக்கு இது சிறு விஷயமா?

பொருத்தும்போது சில எச்சரிக்கைகள்

சூடேற்றும் கம்பி எப்போதும் நீர்மத்தில் மூழ்கியே இருக்க வேண்டும். காற்றுக் குமிழி சூழ்ந்தால், வெப்பத்தை எடுத்துச் செல்ல ஆளின்றிக் கம்பி கருகிவிடும். ஆகவே பொருத்திய பின் கலவையை நிரப்பி, காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகே மின்சாரத்தில் செருக வேண்டும். கம்பி வார்ப்பின் உட்சுவரைத் தொடக் கூடாது. பழைய எஞ்சின்களின் நீர்வழிகளில் துருவும் சேறும் படிந்திருக்கும். முதலில் அவற்றைக் கழுவ வேண்டும். துளையின் விளிம்பைச் சுத்தம் செய்யாவிட்டால் நீர் கசியும். ஈரத்திலும் பனியிலும் கிடக்கும் கருவியாதலால், தரையிணைப்புள்ள மூன்று முள் பிளக்கையும் போதிய தடிமனுள்ள கம்பியையும்தான் பயன்படுத்த வேண்டும். கிளம்பும் முன் பிளக்கைப் பிடுங்க மறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை!

எல்லாப் பழைய கார்களிலும் இந்த வகையைப் பொருத்த முடியாது. ஃபோக்ஸ்வாகன் 'பீட்டில்' காரின் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. அதில் நீரே இல்லாததால் உறைந்து வெடிக்கும் பயம் கிடையாது. நீரைச் சூடாக்கும் கருவிக்கும் வேலை கிடையாது. ஆனால் எண்ணெய் அதிலும் கெட்டியாகும். ஆகவே எண்ணெயிருக்கும் அடிப்பகுதியைச் சூடாக்கும் வகைதான் அதற்குப் பொருந்தும்.

புகையும் குறைகிறது

குளிர்ந்த எஞ்சினுக்கு மிகுதியான பெட்ரோல் ஊட்டப்படுவதால் எரிதல் முழுமையடைவதில்லை. அப்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அதிகமாக வெளிவரும். ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் தரையருகே கடுங்குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும். மேலடுக்கு மூடி போட்டதுபோல் தடுப்பதால், புகை மேலே போக வழியின்றி ஊரிலேயே தங்கிவிடும். அங்கே கார் நிறுத்தும் இடங்களில் மின்னிணைப்பு தந்து, எஞ்சின்களை முன்கூட்டியே சூடாக்கச் செய்வது காற்று மாசைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகக் கையாளப்பட்டது. காலையில் எஞ்சினை அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டுச் சூடாக்குவதைவிட, ஓரிரு யூனிட் மின்சாரம் மேலானது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று சிறிய கண்ணாடிப் புட்டிகளில் விளக்கெண்ணெயை முக்கால் பங்கு நிரப்பி இறுக மூடுங்கள். ஒன்றைப் பனிக்கட்டி போட்ட நீரிலும், ஒன்றைச் சாதாரண நீரிலும், ஒன்றை வெதுவெதுப்பான நீரிலும் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றுக்குமிழி மேலே வந்து சேர எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையை ஒரு பக்கமும் நேரத்தை மறுபக்கமும் வைத்து வரைபடம் வரையுங்கள். அது நேர்கோடாக வருகிறதா, வளைகோடாக வருகிறதா? குளிர்ப் புட்டியில் குமிழி படும் பாட்டைப் பார்த்தால், வின்னிபெக்கில் காலை நேரத்தில் பிஸ்டன் படும் பாடு தானே விளங்கும்.

சிந்தியுங்கள்

1. கனடாவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். 600 வாட் சூடேற்றி எத்தனை ஆம்பியர் எடுக்கும்? 230 வோல்ட் வழங்கும் சுவீடனில் அதே திறனுள்ள சூடேற்றி எத்தனை ஆம்பியர் எடுக்கும்? எங்கே தடித்த கம்பி வேண்டும்?

2. மேலே கண்ட எஞ்சினைக் கனமான போர்வையால் மூடி, டிகிரிக்கு 12 வாட்டாக இருந்த இழப்பை 8 வாட்டாகக் குறைத்தால், -30° செ. குளிரில் அது அதிகபட்சம் எவ்வளவு சூடாகும்?

3. இரும்புக்குப் பதிலாக 75 கிலோகிராம் அலுமினியத்தால் பிளாக் செய்தால், அதை 40 டிகிரி உயர்த்த எவ்வளவு வெப்பம் வேண்டும்? (அலுமினியத்தின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 0.9 கிலோஜூல்.) எடை பாதியானதால் வெப்பமும் பாதியானதா?

விடைகள்: 1. 5 ஆம்பியர், ஏறத்தாழ 2.6 ஆம்பியர், கனடாவில். 2. 600 ÷ 8 = 75 டிகிரி வேறுபாடு; ஆகவே 45° செ. 3. 2700 கிலோஜூல். இல்லை, இரும்புக்குத் தேவைப்பட்ட 2760 கிலோஜூலுக்கு ஏறக்குறையச் சமமே.